பழைய டிவி கேம் லேப்டாப்பில் சரியாக ஓடவில்லையா? எது குறை, எது குறையல்ல: முழுமையான வழிகாட்டி

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, நெல்லையப்பர் கோவில் ஆனித் திருவிழாவையொட்டி நடந்த பொருட்காட்சியில் அப்பா ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார். கூடவே மஞ்சள் கேசட் ஒன்று வந்தது. ஆயிரத்துக்கு மேல் விளையாட்டு என்று அட்டையில் போட்டிருந்தது. நானும் தங்கையும் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எண்ணி, மொத்தம் பதினெட்டு என்று கண்டுபிடித்தோம். மற்றவை அதே பதினெட்டுதான். பெயர் வேறு, சில மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், அவ்வளவே.

போன ஆனியில், குற்றாலத்தில் சாரல் விழுந்து, பாளையங்கோட்டைக்கு அதன் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகன் தென்காசியிலிருந்து வந்தான். கையில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். “மாமா, உங்கள் கேசட் இதற்குள் இருக்கிறது” என்று எமுலேட்டரில், அதாவது பழைய இயந்திரத்தைக் கணினியில் நடித்துக் காட்டும் நிரலில், மாரியோவைத் திறந்து காட்டினான். இரண்டு நிமிடம் பார்த்தேன். ஓட்டத்தில் ஓர் அவசரம் இருந்தது. பாட்டை யாரோ பின்னால் நின்று விரட்டுவது போலிருந்தது. “எமுலேட்டர் சரியில்லை, வேறொன்றை இறக்கிப் பார்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அவன் மூன்று எமுலேட்டர்களை இறக்கினான். மூன்றிலும் அதே அவசரம். அப்போதுதான் எனக்கு என் காதின் மீதே சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நானும் மருமகனும் தொலைபேசியிலும் நேரிலுமாகத் தோண்டியதன் பலன் இந்த வழிகாட்டி. எமுலேட்டர் சரியில்லை என்று சொல்லுமுன் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிறது.

தொடங்குமுன்: நால்வரில் யார்?

நாம் டிவி கேம் என்று சொன்னது, நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் இயந்திரத்தின் நகல். உள்ளே 6502 வகைச் செயலி, 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம். வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். 256க்கு 240 புள்ளிகளில் படம். இவ்வளவுதான் இயந்திரம். எமுலேட்டர் இதை அப்படியே நிரலால் நடித்துக் காட்டுகிறது.

இந்த நிரலுக்கு இரண்டு பாகங்கள் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செயலியையும் படச் சில்லையும் நடிப்பது உள்கரு. அந்தப் படத்தை உங்கள் திரையில் காட்டி, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பி, நீங்கள் அழுத்தும் விசையை உள்கருவிடம் கொண்டு சேர்ப்பது வெளிக்கூடு. ஒரே உள்கருவுக்கு விண்டோஸுக்கு ஒரு கூடு, லினக்ஸுக்கு ஒரு கூடு என்று தனித்தனியே எழுதுவார்கள். அதைத்தான் போர்ட் என்கிறோம். நெஸ்டோபியா என்னும் எமுலேட்டர் இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட அதன் மூலப் பதிப்பு 2008இல் 1.40உடன் நின்றுவிட்டது. உள்கருவை மற்றவர்கள் எடுத்துத் தொடர்ந்து பராமரித்து லினக்ஸுக்கும் கொண்டுவந்தார்கள். உள்கரு ஒன்றுதான், கூட்டில் இருந்த வசதிகள் எல்லாம் கூடவே வரவில்லை.

ஆக, ஒரு கோளாறு தெரிந்தால் கேசட்டிலிருந்து எடுத்த விளையாட்டுக் கோப்பு, உள்கரு, போர்ட், அசல் இயந்திரம் ஆகிய நால்வரில் ஒருவர் காரணம். ஐந்தாவதாக நம் ஞாபகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் படி: கடிகாரத்தை வைத்து வேகத்தை அளந்துவிடுங்கள்

வேகமாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா என்று காதாலும் கண்ணாலும் முடிவு செய்யாதீர்கள். மாரியோவின் முதல் கட்டத்தைத் திறங்கள். மேலே வலப்பக்கம் 400இலிருந்து இறங்கும் எண் இருக்கிறதல்லவா? அது நொடிக் கணக்கு என்றே சிறுவயதில் நினைத்திருந்தோம். உண்மையில் அந்த எண் 24 படச்சட்டங்களுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படங்களுக்கு) ஒருமுறை ஒன்று குறைகிறது. மாரியோவை ஓரிடத்தில், பகை எதுவும் அண்டாதபடி நிறுத்திவிடுங்கள். எண் 390 ஆனதும் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, 290 ஆனதும் நிறுத்துங்கள்.

40 நொடி வந்தால், அமெரிக்க, ஜப்பானிய முறையான நொடிக்கு 60 சட்டங்களில் எமுலேட்டர் மிகச் சரியாக ஓடுகிறது. 48 நொடி வந்தால் 50 சட்டங்களில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் மட்டுமே வேகத்தில் கோளாறு. அப்போது லேப்டாப் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்களுக்கு மூன்று எமுலேட்டரிலும் 40 நொடி வந்தது. அப்படியானால் சிறுவயதில் நான் கேட்டது?

அன்றைய இந்திய டிவிகள் பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பித்தவை. நமக்கு விற்ற நகல் இயந்திரங்கள் பலவற்றில் இருந்த சில்லுகள் இந்த 50க்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை. விளையாட்டோ 60க்கு எழுதியது. அதனால் நாம் ஆடியதெல்லாம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில். பாட்டும் அதே அளவு தளர்ந்தது, ஆனால் சுருதி ஏறக்குறைய மாறவில்லை. அந்தச் சில்லின் செயலி 1.77 மெகாஹெர்ட்ஸ், அசலுக்கு ஒரு சதவீதம்கூடக் குறைவில்லை. ஆகவே அது தளர்ந்த பாட்டு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது வயதில் அசல் வேகத்தை முதன்முறையாகக் கேட்டுவிட்டு, அதைக் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

பழைய வேகம்தான் வேண்டும் என்றால், அமைப்புகளில் மண்டலம் என்ற பகுதிக்குப் போங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தியா பால் நாடு என்பதால் பெரும்பாலோர் பால் என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். அது ஐரோப்பாவில் நின்டெண்டோவே விற்ற இயந்திரத்தைக் குறிக்கிறது. அதன் செயலி 1.66 மெகாஹெர்ட்ஸ்தான், சுருதி நன்றாகவே இறங்கிவிடும், செயலிக்கும் படச் சில்லுக்கும் உள்ள விகிதமும் மாறும். 60க்கு எழுதிய சில விளையாட்டுகளில் படம் குலுங்கும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது டென்டி. 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் இயந்திரத்தின் பெயர் அது; நம் வீட்டுப் பெட்டிகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஸ்டோபியா, எஃப்சிஇயுஎக்ஸ், மெசன் ஆகிய மூன்று எமுலேட்டர்களிலும் இந்தத் தேர்வு உண்டு.

டென்டியைப் போட்டு மறுபடி அளந்தோம். 48 நொடி. பாட்டு என் காதில் வந்து உட்கார்ந்தது.

இரண்டாம் படி: கோப்பின் தலையைப் பாருங்கள்

அன்று விளையாட்டு ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். (எச்சில் ஈரம் பட்டு ஊசிகள் கறுத்ததுதான் மிச்சம்.) இன்று ஊத வேண்டிய இடம் கோப்பின் முதல் 16 பைட்.

கேசட்டிலிருந்து எடுத்த கோப்பில், விளையாட்டுக்கு முன்னால் 16 பைட் தலைப்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். கேசட்டுக்குள் என்ன மாதிரிச் சுற்றுப்பலகை இருந்தது என்பதை எமுலேட்டருக்குச் சொல்லும் முகவரிச் சீட்டு அது. பெரிய விளையாட்டுகளின் கேசட்டுகளில் நினைவகத்தைத் துண்டு துண்டாக மாற்றித் தரும் கூடுதல் சில்லு இருக்கும். அதற்கு மேப்பர் என்று பெயர், ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். தலைப்பில் எண் தவறினால் கறுப்புத் திரை, அல்லது குப்பை எழுத்துகள்.

முதலில் அளவைச் சரிபாருங்கள். கோப்பின் பைட் எண்ணிக்கையில் 16ஐக் கழித்தால், மீதி 8192ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். மாரியோவின் முதல் பாகம் 40,976 பைட்; 16 போக 40,960; 8192ஆல் வகுத்தால் சரியாக 5. வகுபடாவிட்டால் பெரும்பாலும் கோப்பு பாதியில் அறுந்துபோயிருக்கிறது. வேறு எதையும் சோதிக்க வேண்டாம்.

பிறகு கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து தலைப்பைப் பாருங்கள். முதல் நான்கு பைட்டுகள் பதின்ம எண்களில் 78, 69, 83, 26 என்று இருக்க வேண்டும். அடுத்து, எட்டாவது பைட்டிலிருந்து பதினாறாவது வரை கவனியுங்கள். பழைய கோப்புகளில் அங்கே வெறும் சுழியங்கள் இருப்பதுதான் வழக்கம். சிலவற்றில் அந்த ஒன்பது பைட்டிலும் ‘டிஸ்க்டூட்!’ என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு கையெழுத்து தெரியும். தொண்ணூறுகளில் புழங்கிய ஒரு கருவி, தான் தொட்ட கோப்பிலெல்லாம் இந்தப் பெயரைப் பொறித்துவிட்டுப் போனது. அப்போது அந்த இடம் பயன்பாட்டில் இல்லை. பிறகு எட்டாவது பைட்டில் மேப்பர் எண்ணின் மேல்பாதியை வைக்கலாம் என்று முடிவானது. விளைவு: அந்தப் பெயரின் முதல் எழுத்தை எமுலேட்டர் எண்ணாகப் படித்து, மேப்பரோடு 64ஐக் கூட்டிவிடும். 4 என்பது 68 ஆகும், 1 என்பது 65 ஆகும். விளையாட்டு ஓடாது.

மருமகன் கொண்டுவந்த கோப்புகளில் இரண்டில் இது இருந்தது. ஒன்பது பைட்டையும் சுழியமாக்கிச் சேமித்தோம், இரண்டும் ஓடின. நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். சில எமுலேட்டர்கள் தம்மிடம் உள்ள தரவுத்தளத்தைப் பார்த்து இந்தத் தவறைத் தாமே திருத்திக்கொள்ளும். அதனால்தான் ஒன்றில் ஓடும் கோப்பு இன்னொன்றில் ஓடாமல் போகிறது. ஓடாததைத் திட்டுவது நியாயமில்லை.

‘ஆயிரம் விளையாட்டு’ கேசட்டுகள் தனி ரகம். அவற்றின் பலகைகளை எந்த நிறுவனமும் ஆவணப்படுத்தவில்லை. ஆர்வலர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எண் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் மஞ்சள் கேசட் மெனு வரை வந்து அப்புறம் நின்றால், அது உள்கருவின் எல்லை. போர்ட்டில் எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. வேறு உள்கரு கொண்ட எமுலேட்டரில் முயலலாம், அவ்வளவுதான்.

கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நான் தவிர்க்கவில்லை. இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் இன்றும் காப்புரிமை உள்ளவை. சந்தேகமின்றிச் சோதிக்க, ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாக வெளியிடும் விளையாட்டுகளும், 240பி டெஸ்ட் ஸூட் போன்ற சோதனை நிரல்களும் இருக்கின்றன. கோளாறு கண்டுபிடிக்க உண்மையில் இவையே மேல்.

மூன்றாம் படி: இயந்திரத்தின் குணத்தைக் கோளாறு என்று எண்ணாதீர்கள்

எதிரிகள் ஒரே வரிசையில் கூடும்போது உருவங்கள் மினுங்குகின்றனவா? அசலிலும் அப்படித்தான். ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அந்தச் சில்லால் காட்ட முடியாது. யாரும் நிரந்தரமாக மறைந்துவிடக் கூடாது என்று விளையாட்டை எழுதியவர்கள் மாற்றி மாற்றிக் காட்டினார்கள், அதுவே மினுக்கம். எமுலேட்டரில் இந்த வரம்பை நீக்கும் தேர்வு இருக்கும். போட்டுக்கொள்ளலாம், ஆனால் சில விளையாட்டுகள் இந்த வரம்பை வேண்டுமென்றே பயன்படுத்தி உருவங்களை மறைத்தன. அங்கே காணக்கூடாதது கண்ணில் படும்.

மேல், கீழ் ஓரங்களில் கோடுகள் துடிப்பதும் இந்த ரகம். பழைய டிவியின் சட்டகம் மேலும் கீழும் எட்டெட்டு வரிகளை விழுங்கிவிடும் என்று நம்பி, எழுதியவர்கள் அங்கே குப்பையை விட்டுவைத்தார்கள். ஓவர்ஸ்கேன் என்ற தேர்வால் வெட்டிவிடுங்கள்.

நிறத்துக்கு ஒரே சரியான விடை கிடையாது. அந்தச் சில்லு சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்தைத் தரவில்லை. டிவிக்கான அலையாகத் தந்தது. வானம் நீலமா, கருநீலச் சாயலா என்பதை அந்தந்த வீட்டு டிவி முடிவு செய்தது. பிடித்த வண்ணத் தட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகருங்கள்.

நான்காம் படி: திரை

இங்கிருந்து போர்ட்டின் எல்லைகள் தொடங்குகின்றன.

அசல் இயந்திரம் நொடிக்கு 60.0988 சட்டங்களைத் தருகிறது. லேப்டாப் திரை 60. இந்தச் சிறு வித்தியாசம் கூடிக்கூடி, பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு சட்டம் முழுதாக விழுந்துவிடும். பக்கவாட்டில் ஓடும் காட்சியில் உற்றுப் பார்த்தால் மெல்லிய தடுக்கல் தெரியும். சில போர்ட்கள் விளையாட்டையே துளி மெதுவாக்கித் திரையோடு ஒட்டவைக்கும். சில ஒலியைப் பிடித்துக்கொண்டு படத்தை விட்டுவிடும். எது உங்களுக்கு உறுத்தவில்லையோ அதை வையுங்கள்.

டென்டி போட்டவர்களுக்கு இது பெரிய தொல்லை. நொடிக்கு 50 சட்டங்களை 60 தடவை புதுப்பிக்கும் திரையில் காட்ட, ஐந்துக்கு ஒரு சட்டம் இருமுறை வந்தாக வேண்டும். காட்சி நொண்டும். திரை அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். பல டிவிகளில் இருக்கும், பல லேப்டாப்புகளில் இருக்காது. நாங்கள் எச்டிஎம்ஐ கம்பி வழியாகக் கூடத்து டிவியில் இணைத்து 50க்கு மாற்றியதும் நொண்டல் போய்விட்டது.

உருவ விகிதம் பற்றி ஒரு சிறு கணக்கு. சாதாரண 1366க்கு 768 திரையில் 240 வரிகளை மும்மடங்காக்கினால் 720. மேலும் கீழும் 24 வரிக் கறுப்புப் பட்டை விழும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்தால் ஒரு வரி மூன்று மடங்காகவும் அடுத்தது நான்கு மடங்காகவும் ஆகி, மாரியோ நடக்கும்போது செங்கற்கள் நெளியும்.

ஐந்தாம் படி: ஒலித் தாமதம்

குதி விசையை அழுத்தியபின் சத்தம் தாமதமாக வருகிறதென்றால், ஒலித் தாங்கியின் (ஒலியைச் சேர்த்துவைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பஃபரின்) அளவைப் பாருங்கள். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற வேகத்தில் 2048 மாதிரிகள் கொண்ட தாங்கி என்றால் 43 மில்லிநொடித் தாமதம், அதாவது இரண்டரைச் சட்டம். 1024க்கு இறக்குங்கள், பிறகு 512. எந்த அளவில் பொரிகடலை வறுப்பதுபோல் சத்தம் கேட்கத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். லேப்டாப் பழையதென்றால் 1024க்குக் கீழே இறங்க முடியாமல் போகலாம். எங்களுடையது அங்கேயே நின்றது.

ப்ளூடூத் காதணிக் கருவியோடு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் தாமதத்தை எந்த எமுலேட்டராலும் குறைக்க முடியாது.

ஆறாம் படி: விசைப்பலகை

வலப்பக்கம் ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே சுட வேண்டும். மூன்று விசைகள். மூன்றாவது வேலை செய்யவில்லை. மருமகன் இதைப் போர்ட்டின் பிழை என்று ஒரு வாரம் நம்பினான். விசைப்பலகையின் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், சில விசைகளை ஒன்றாக அழுத்தும்போது மூன்றாவதை அதனால் பிரித்தறிய முடியாது. விசைகளை வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். எந்தக் கூட்டணி வேலை செய்கிறது என்பது பலகைக்குப் பலகை மாறும். ஷிஃப்ட், கன்ட்ரோல் விசைகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஒட்டுவிசை அறிவிப்பு நடுவில் வந்து நிற்கும். அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

அசல் கைப்பிடியில் இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தாது. விசைப்பலகையில் அழுந்தும். விளையாட்டை எழுதியவர்கள் எதிர்பாராத நிலை அது. சில விளையாட்டுகளில் ஆள் கட்டுக்கடங்காமல் பாய்வான். எதிர்த்திசைகளைத் தடுக்கும் தேர்வு இருந்தால் போட்டுவையுங்கள்.

யுஎஸ்பி கைப்பிடி வாங்கினால் பாதித் தொல்லை தீரும். எமுலேட்டரைத் திறக்குமுன்பே செருகிவிடுங்கள். நடுவில் செருகினால் கண்டுகொள்ளாத போர்ட்கள் உண்டு.

ஏழாம் படி: துப்பாக்கி, அதாவது தீராத குறை

வாத்து சுடும் விளையாட்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மச்சில் கிடந்த துப்பாக்கியை மருமகன் இறக்கிக்கொண்டு வந்தான். கூடவே, இலவசத் திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல டப்பா டிவியையும். இன்னும் படம் தெரிகிறது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் பெட்டி ஒன்றை வாங்கி, டிவியில் இணைத்து, வாத்தையும் பறக்கவிட்டோம்.

துப்பாக்கியை எங்கே செருகுவது?

அதன் 9 துளைப் பிளக், பழைய மேசைக் கணினிகளின் சீரியல் துறையில் கச்சிதமாகப் பொருந்தும். செருகிவிடாதீர்கள். வடிவம்தான் ஒன்று, அங்கே வரும் மின்னழுத்தம் இந்தத் துப்பாக்கிக்கான 5 வோல்ட் அல்ல.

செருக வழி கிடைத்தாலும் பயனில்லை என்பதை அறிய, அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் கண். விசையை இழுத்ததும் விளையாட்டு திரையை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாக்குகிறது. அடுத்த சட்டத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரைகிறது. இரண்டு வாத்து என்றால் அடுத்தடுத்த சட்டங்களில் ஒவ்வொன்றாக. கறுப்புச் சட்டத்தில் இருட்டும், வெள்ளைக் கட்டத்தில் வெளிச்சமும் தெரிந்தால் வாத்து விழும். குண்டு பல்பை நோக்கிச் சுட்டால் எல்லாம் விழும் என்று நாங்கள் நம்பியதும், விழாமல் போனதும் இந்தக் கறுப்புச் சட்டத்தால்தான். அது ஏமாற்றுபவனைப் பிடிப்பதற்காகவே வைத்தது.

டப்பா டிவியில் எலெக்ட்ரான் கற்றை வரிவரியாக, நொடிக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வரிகளை வரைகிறது. அசல் துப்பாக்கி அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறது. எல்சிடி திரை அப்படித் துடிப்பதில்லை, தாமதமாகவும் காட்டுகிறது. டப்பா டிவியே இருந்தாலும் எமுலேட்டரின் தாமதம், மாற்றிப் பெட்டியின் தாமதம் எல்லாம் சேர்ந்து, வெள்ளைக் கட்டம் திரைக்கு வருமுன் விளையாட்டு ‘தவறிவிட்டது’ என்று முடிவு செய்துவிடும். எனவே எமுலேட்டர்கள் துப்பாக்கிக்குப் பதில் மவுஸைத் தருகின்றன. இரண்டாம் துறையில் துப்பாக்கி என்று அமைத்து, மவுஸால் குறிவைத்துச் சொடுக்குங்கள். மிக எளிதாக இருக்கும், சீக்கிரமே சலித்துவிடும். அதற்கு மேல் இதில் செய்ய எதுவுமில்லை. டப்பா டிவியும் பழைய பெட்டியும் உயிரோடிருந்தால் அவற்றிலேயே ஆடுங்கள்.

எட்டாம் படி: மின்வெட்டுக்கு முன் சேமிப்பது

சேமிப்பில் இரண்டு வகை. கேசட்டுக்குள் பட்டன் பேட்டரி வைத்து விளையாட்டே சேமித்துக்கொள்வது ஒன்று; எமுலேட்டர் அந்த நொடியில் இயந்திரத்தை அப்படியே உறையவைத்து எழுதிக்கொள்வது மற்றொன்று. உறைநிலைக் கோப்பு அந்த எமுலேட்டருக்கே உரியது. வேறொன்றில் திறக்காது, அதே எமுலேட்டரின் புதிய பதிப்பிலும் திறக்கும் என்று நம்ப முடியாது. பேட்டரிச் சேமிப்பு பெரும்பாலும் எங்கும் செல்லும். நீண்ட நாள் ஆடும் விளையாட்டுக்கு இதையே நம்புங்கள்.

ஆனால் பல எமுலேட்டர்கள் பேட்டரிச் சேமிப்பை, விளையாட்டை மூடும்போதுதான் வட்டில் எழுதுகின்றன. விளையாட்டுக்குள் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தாலும் கோப்பில் இன்னும் ஏறியிருக்காது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், ஆடிக் காற்றில் மரக்கிளை மின்கம்பியில் உரசும் பருவத்தில், இதன் பொருள் என்னவென்று எனக்குத் தெரியும்: மூன்று மணி நேரம் போனது. அரை மணிக்கு ஒருமுறை விளையாட்டுக்குள் சேமித்து, விளையாட்டை மூடி, மறுபடி திறங்கள். லினக்ஸ் போர்ட்களில் இந்தக் கோப்புகள் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் மறைகோப்புறையில் கிடக்கும். மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுங்கள்.

ஒன்பதாம் படி: இல்லாதவற்றைத் தேடாதீர்கள்

நெஸ்டோபியாவின் விண்டோஸ் பதிப்பில் இணையம் வழியே இருவர் ஆடும் வசதி இருந்தது. லினக்ஸ் கூட்டில் அது இல்லை. தென்காசியிலிருந்து மருமகனும் பாளையங்கோட்டையிலிருந்து நானும் ஆட நினைத்து மெனுவெல்லாம் தேடிய மாலையை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஜப்பானில் வந்த வட்டு விளையாட்டுகளுக்கு இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும், 8192 பைட் கொண்ட ஒரு பயாஸ் கோப்பு வேண்டும். காப்புரிமை உள்ளதால் எந்த எமுலேட்டரும் அதைக் கூடவே தருவதில்லை. ஜப்பானிய இரண்டாம் கைப்பிடியில் இருந்த ஒலிவாங்கிக்கு ஏதாவது ஒரு விசையை ஒதுக்கியிருப்பார்கள். பதிப்போடு வரும் விளக்கக் கோப்பைப் பொறுமையாகப் படித்தால் இவையெல்லாம் எழுதியே இருக்கும்.

பத்தாம் படி: இன்னும் ஏதோ குறைகிறது என்றால்

டென்டி போட்டும், 50 ஹெர்ட்ஸ் ஆக்கியும், பாட்டில் ஏதோ ஒன்று எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. வேகம் சரி, சுருதி சரி, குரல் வேறு. மருமகன் நான் கற்பனை செய்வதாகவே நினைத்தான்.

அந்த இயந்திரத்தில் ஐந்து ஒலித்தடங்கள். அவற்றில் இரண்டு சதுர அலைகள். பாட்டின் மெட்டைப் பெரும்பாலும் சுமப்பவை அவை. ஒவ்வொரு அலையும் தன் சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்துக் குரல் மாறும்: கால் பங்கு நின்றால் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்திருக்கும், பாதி நின்றால் உருண்டு தடித்திருக்கும். நகல் சில்லுகளைச் செய்தவர்கள் பலர் இந்தக் காலையும் அரையையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். நம் பெட்டிகளில் மெலிய வேண்டியது தடித்தும், தடிக்க வேண்டியது மெலிந்தும் பாடியது.

எஃப்சிஇயுஎக்ஸ், மெசன் இரண்டிலும் ஒலி அமைப்பில், சதுர அலையின் இந்த விகிதத்தை மாற்றிப்போடும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டு, கூடத்து டிவியில் சத்தத்தை ஏற்றிக் காண்ட்ராவைத் திறந்தோம். அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது: “அந்தச் சனியனை மறுபடியும் மச்சிலிருந்து இறக்கிவிட்டீர்களா?”